ஆல்ஃபிரட் ரொட்டியைக் கருகவிட்ட படம்: அசல் அச்சா, பிந்தைய அச்சா? பழைய பிரேமைப் பிரிக்கலாமா?

#1 பாசிமணி

வணக்கம். ஒரு பழைய அச்சுப்படம் பற்றிக் கேட்க வேண்டும். சாக்சன் அரசர் ஆல்ஃபிரட் மாட்டுக்காரன் குடிசையில் ஒளிந்திருந்தபோது, அடுப்பில் இருந்த ரொட்டியைக் கவனிக்காமல் கருகவிட்டு வீட்டுக்காரியிடம் வசவு வாங்கும் காட்சி. கறுப்பு வெள்ளை, வண்ணம் இல்லை. கறுப்புச் சட்டம், உள்விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. கண்ணாடிக்குக் கீழே, படத்தைச் சுற்றிலும் பழுப்பேறிய மவுண்ட் (ஜன்னல் வெட்டிய அட்டை). பின்புறம் மரப்பலகை, துருப்பிடித்த ஆணிகள்.

படத்தின் அடியில் பொடி எழுத்து: இடது ஓரத்தில் வீட்லி என்ற பெயர். நடுவில் பவ்யர், ஹிஸ்டாரிக் கேலரி, பால் மால், லண்டன். ஆண்டு 179 வரை படிக்க முடிகிறது. கடைசி எண்ணை மவுண்ட் ஓரத்துப் பழுப்புக் கறை விழுங்கிவிட்டது. தாள் முழுக்கச் செம்புள்ளிகள்.

இது அந்தக் காலத்து அச்சுதானா? கறையை எடுக்க முடியுமா? பிரேமை அப்படியே விடலாமா, மாற்ற வேண்டுமா?

#2 செப்புத்தகடு

பாசிமணி, அந்த ஒரு வரியே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. ராபர்ட் பவ்யர் லண்டன் பால் மாலில் நடத்திய படக்கூடம்தான் ஹிஸ்டாரிக் கேலரி. டேவிட் ஹியூம் எழுதிய இங்கிலாந்து வரலாற்றுக்குப் படம் போடுவதற்காக ஓவியர்களிடம் எண்ணெய் ஓவியம் வரைய வைத்து, அவற்றைச் செம்புத் தகட்டில் செதுக்கி, சந்தாதாரர்களுக்குப் பகுதி பகுதியாக 1793 முதல் 1806 வரை அனுப்பினார். பிரெஞ்சுப் போர்க்காலம், பணம் திரும்பவில்லை. கடைசியில் 1807-இல் லாட்டரி போட்டு ஓவியங்களைக் கழித்துக்கட்டினார். உங்கள் படத்துக்கான ஓவியம் பிரான்சிஸ் வீட்லி வரைந்தது.

இந்த வகைப் படத்துக்கு மூன்று தேதி உண்டு, மூன்றையும் குழப்பக் கூடாது. கதை நடந்ததாகச் சொல்லும் ஆண்டு ஒன்று: ஆல்ஃபிரட் ஆதெல்னி சதுப்பு நிலத்தில் பதுங்கியது 878. தகட்டில் செதுக்கிய ஆண்டு இன்னொன்று. 1735-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி தகட்டு உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் தகட்டிலேயே இருந்தால்தான் உரிமை செல்லும், அதனால்தான் அந்தப் பொடி வரி. மூன்றாவது, அந்தத் தகட்டிலிருந்து உங்கள் கையில் இருக்கும் தாள் எடுக்கப்பட்ட ஆண்டு. தகட்டை வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் கழித்தும் அச்சடிக்கலாம். எழுத்து மாறாது. கடைசித் தேதியைச் சொல்லக்கூடியது தாள் மட்டும்தான்.

ஆகவே கண்ணாடிக்கு மேலிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வெளியே எடுத்துப் பாருங்கள்.

#3 பழையபொருள்

எடுக்காதீங்க. கறுப்புச் சட்டம், தங்க உள்விளிம்பு, அது ஹோகார்த் பிரேம். அந்தக் காலத்து பிரேமோட இருக்கிற படத்துக்குத்தான் மதிப்பு. பின்பலகையைப் பிரிச்சா அது வெறும் தாள்.

#4 சட்டக்காரர்

பழையபொருள் அண்ணே, பிரேம் பழசாக இருக்கலாம், உள்ளே இருக்கும் கட்டு பழசு இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் இந்த மாதிரிப் படங்களைப் பெரும்பாலும் மவுண்ட் இல்லாமல் கண்ணாடியை ஒட்டியே சட்டம் போட்டார்கள். அவர் சொல்வது சாய்வு வெட்டு மவுண்ட், ஓரத்தில் பழுப்புக் கறை. அந்தக் கறை வருவது மரக்கூழ் அட்டையின் அமிலத்தால். மரக்கூழ் அட்டை புழக்கத்துக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். ஆக, யாரோ ஏற்கெனவே ஒருமுறை பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். ஆணியையும் பாருங்கள்: வட்டத் தலைக் கம்பி ஆணி என்றால் அதுவும் பிற்காலம்.

பிரிக்கும் முறை:

மேசையில் தடித்த துணி விரித்து, பிரேமைக் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்க்கவும். பின்னால் ஒட்டிய பழுப்புத் தாளைக் கத்தியால் சட்ட ஓரமாகவே கீறவும். தாளில் கடைச் சீட்டோ கையெழுத்தோ இருந்தால் அந்தத் துண்டைத் தனியே வெட்டி எடுத்து வையுங்கள், கிழித்துப் போடாதீர்கள். ஆணியைக் குறடால் பிடித்து, பலகைக்கு இணையாகத் தன் வழியே இழுக்க வேண்டும். மேல்நோக்கி நெம்பினால் பழைய சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் உதடு பெயரும். உள்ளே கண்ணாடி விரியும். துருப்பிடித்து அசையாத ஆணியை இழுக்கவே வேண்டாம், பலகைப் பக்கமாக வெட்டிவிடுங்கள்.

பலகையைத் தூக்கியதும் அவசரப்பட்டுப் படத்தை உரிக்காதீர்கள். கண்ணாடி, மவுண்ட், படம் மூன்றையும் ஒரே அடுக்காக வெளியே எடுத்து, ஒரு மூலையை மட்டும் மெல்ல உயர்த்திப் பாருங்கள். கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஆவி பிடித்துப் பார்க்கிறேன், தண்ணீர் தெளித்துப் பார்க்கிறேன் என்று இறங்கினால் மை கண்ணாடியில் நிற்கும், தாள் கையில் வரும்.

பின்பலகை பைன் மரமாக இருந்தால் படத்தின் முதுகில் கணுக்கள் வட்டக் கறையாகப் பதிந்திருக்கும். இரண்டு பலகை சேர்ந்த இடத்தில் இடைவெளி இருந்தால் அதே இடத்தில் செங்குத்தாக ஒரு பழுப்புக் கோடு. பயப்பட ஒன்றுமில்லை, தூசியும் காற்றும் வந்த வழி அது.

#5 ஊசிமுனை

எடுத்தபின் பார்க்க வேண்டியவை. 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) ஒன்று போதும், செல்போன் கேமரா போதாது.

செம்புத் தகட்டு அச்சு என்றால் தகட்டின் விளிம்பு தாளில் ஒரு பள்ளமாக அழுந்தியிருக்கும், நான்கு பக்கமும். தாளைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். விரல் நுனியால் தடவினால் கறுப்பு அழுத்தமான இடங்களில் மை கொஞ்சம் மேடாக நிற்கும். லூப்பில் கோடுகள் ஊசி மாதிரித் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி ஊசியாக முடியும்; செதுக்கு உளி உள்ளே இறங்கி வெளியேறும் தடம் அது. இரண்டு கோட்டுக்கு நடுவே விழும் சின்னச் சதுரங்களுக்குள் ஒவ்வொரு புள்ளி குத்தியிருப்பார்கள், சதைப்பகுதியில் முக்கியமாக.

கோட்டுக்குப் பதிலாக எல்லாமே சீரான புள்ளிக் கட்டம் என்றால் அரைத்தொனி அச்சு, 1880-களுக்குப் பிறகு. நாலு வண்ணப் புள்ளிகள் ரோஜா இதழ் மாதிரிச் சுழன்றிருந்தால் ஆஃப்செட். ஒழுங்கில்லாமல் தெளித்த மாதிரி நுண்புள்ளி என்றால் இன்றைய இங்க்ஜெட். இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு: ஆஃப்செட் படத்துக்கு வெற்றுத் தகட்டால் அழுத்திப் பள்ளம் மட்டும் போட்டு விற்பார்கள். பள்ளத்தைப் பார்த்ததும் மயங்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று லூப்பில் பாருங்கள்.

1820-களுக்குப் பிறகு வந்த எஃகுத் தகடு இன்னொரு குழப்பம். கோடு மயிரிழையாக, சாம்பல் வெள்ளிப் பளபளப்போடு, எல்லாம் ஒரே கூர்மையில் இருக்கும். செம்பு மிருது, சில நூறு தாள் எடுத்ததும் மெல்லிய கோடுகள் முதலில் தேயும். எஃகு ஆயிரக்கணக்கில் தாங்கும். 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றுப் புத்தகங்களிலிருந்து பிய்த்து மவுண்ட் போட்டு விற்கும் ஹெரிவார்ட், கன்யூட், காடைவா போன்ற பழைய ஆங்கிலக் கதை மாந்தர் படங்களில் நிறைய எஃகு அல்லது மரச்செதுக்கு. மரச்செதுக்கைப் புத்தகத்தின் எழுத்தோடு சேர்த்தே அடித்தார்கள், அதனால் பின்பக்கம் எழுத்து இருக்கும். 1864-இல் எட்மண்ட் எவான்ஸ் வண்ண மரத்தகடுகளால் அடித்த டாய்லின் இங்கிலாந்து வரலாற்றுப் படங்களும் அப்படித்தான் வெட்டப்பட்டு வருகின்றன.

காடைவா படம் தேடுவோருக்கு ஒரு வார்த்தை: சிவப்புச் சேணத்தோடு வெள்ளைக் குதிரையில் போகும் அந்தப் பிரபலமான ஓவியம் ஜான் காலியர் 1898 வாக்கில் முடித்தது, கவென்ட்ரி ஹெர்பர்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதை "18-ஆம் நூற்றாண்டு அச்சு" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

#6 செப்புத்தகடு

தாள் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கம்பிக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் பழைய வரித்தாள். ஒன்றும் தெரியாமல் சீராக இருந்தால் நெய்தாள். வாட்மன் ஆலையில் 1750-களில் தொடங்கி, 1790-களில் படத் தகடுகளுக்குப் பரவலாகப் பயன்பட்டது. நீர்க்குறி (தாளுக்குள் பதிந்து, வெளிச்சத்தில் தெரியும் ஆலைக் குறி) இருக்கிறதா என்று நான்கு ஓரமும் தேடுங்கள். 1794-இல் வந்த தாள் வரிச் சட்டத்தின் விளைவாக ஆங்கில ஆலைகள் நீர்க்குறியில் ஆண்டையும் போடத் தொடங்கின. அது சொல்வது குறைந்தபட்சத் தேதி மட்டுமே; தாள் கிடங்கில் சில வருடம் கிடந்திருக்கலாம்.

தாளை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு. இதே சாக்சன் கதைகளைச் செதுக்கிய வில்லியம் ரைலண்ட், கிழக்கிந்தியக் கம்பெனி பேரில் கள்ள உண்டியல் (பணம் தரச் சொல்லும் பத்திரம்) தயாரித்ததாக 1783-இல் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். உண்டியலில் எழுதியிருந்த தேதிக்குப் பிறகுதான் அந்தத் தாளே தன் ஆலையில் உருவானது என்று தாள்காரர் சாட்சி சொன்னார், கதை முடிந்தது. ஆஞ்சலிக்கா காஃப்மன் வரைந்த எட்கர், எல்ஃப்ரிதா சந்திப்புப் படத்தின் தகடு பாதியில் நின்றுபோக, ரைலண்டின் மனைவிக்கு உதவியாக வில்லியம் ஷார்ப் முடித்துக் கொடுத்தார்.

#7 யாழ்_வாசகன்

கதையைப் பற்றியும் ஒரு சொல் கதைக்கலாமோ? கேக் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அது அடுப்படியில் சுடுற சின்ன ரொட்டி, இப்பத்தைய கேக் இல்லை. ஆல்ஃபிரட்டோட வாழ்ந்த அஸ்ஸர் எழுதின வரலாற்றில் இந்தக் கதை இல்லை. ஒரு நூறு வருசம் கழிச்சு, புனித நியோட் வரலாற்றில்தான் முதலில் வருது. 1574-இல் பேராயர் மத்தியூ பார்க்கர் அஸ்ஸரை அச்சிடேக்க அதையும் உள்ளுக்குச் செருகிவிட்டார். மூலச் சுவடி 1731-இல் தீயில எரிஞ்சுபோட்டுது, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் கன காலம் அது அஸ்ஸர் சொன்னதெண்டே எல்லாரும் நம்பிச்சினம். ஹியூமும் அரசன் வில்லும் அம்பும் சீவிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில இருந்தான் எண்டு எழுதினார். இந்தப் படங்களில் அரசனின் கையில் வில் இருக்கிறது அதாலதான்.

#8 பாசிமணி

எல்லோருக்கும் நன்றி. பிரித்தாயிற்று, கண்ணாடியில் ஒட்டவில்லை. தகட்டுப் பள்ளம் நான்கு பக்கமும் இருக்கிறது. கோடுகள் ஊசிமுனை சொன்னபடியே, முகத்தில் புள்ளிகள். பின்பக்கம் வெறுமை. தாளில் கம்பிக் கோடு இல்லை. வலது ஓரத்தில் நீர்க்குறி, தாள் வெட்டுப்பட்டதால் பாதிதான்: வாட்மன் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், அதன் அடியில் 18. அதோடு ஓரம் முடிந்துவிட்டது.

தகடு 179-, தாள் 18-. அப்படியானால் இது பிந்தைய மறுஅச்சுதானே?

மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் பழுப்பு நாடா ஒட்டியிருக்கிறது. செம்புள்ளிகள் முதுகில் இன்னும் அதிகம்.

#9 செப்புத்தகடு

அவசரப்படாதீர்கள். பவ்யர் 1806 வரை பகுதி அனுப்பிக்கொண்டிருந்தார் என்றேனே. முன்பு செதுக்கிய தகடுகளைப் பின்னால் சேர்ந்த சந்தாதாரர்களுக்காக மறுபடி அடிப்பது அந்தத் தொழிலில் சாதாரணம். 1801-லிருந்து 1806-க்குள் அடித்திருந்தால் அது அதே வெளியீட்டின் தாள்தான், மறுஅச்சு என்று தள்ள முடியாது. 1830 என்றால் வேறு கதை. இரண்டையும் பிரிப்பது தேய்மானம். நிழலில் இருக்கும் துணி மடிப்பு, அடுப்புப் புகை, தூரத்துச் சுவர் இந்த மூன்றையும் லூப்பில் பாருங்கள். குறுக்குக் கோடுகள் தனித்தனியாகக் கறுப்பாக நின்றால் தகடு உயிரோடு இருந்தபோது அடித்தது. கோடு அறுந்து அறுந்து சாம்பலாக இருந்தால் களைத்த தகடு. தேய்ந்ததை மறுபடி உளி போட்டு ஆழப்படுத்தியிருந்தால் நிழல் மட்டும் கரடுமுரடாகக் கறுத்து, முகம் வெளிறி நிற்கும். அது ஒருபோதும் தப்பாது.

#10 பழையபொருள்

செம்புள்ளிக்கு நம்ம ஆட்கள் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஒரு முக்கு முக்கி எடுப்பாங்க, பால் மாதிரி வெளுத்துடும். விற்பனைக்கு அதுதான் நல்லது.

#11 சட்டக்காரர்

வெளுக்கும், இரண்டு வருடத்தில் மறுபடி மஞ்சளாகும், அதற்குள் தாள் அப்பளம் மாதிரி முறியும். குளோரின் தாளுக்குள் தங்கிவிடும், ஒருமுறை அலசினால் போகாது. அந்தக் காலத்துத் தாளின் சாயமே இளம் பாலாடை நிறம். அடுப்புக்குப் பின்னால் சுண்ணாம்பு வெள்ளையில் மினுங்கும் அச்சைப் பார்த்தாலே, கழுவினது என்று வாங்குகிறவருக்குத் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: மெல்லிய மயிர்த் தூரிகையால் முதுகையும் முகத்தையும் துடைப்பது; வினைல் ரப்பரைத் துருவி, அந்தத் தூளை ஓரத்து வெற்றிடத்தில் விரல் நுனியால் வட்டமாக உருட்டி அழுக்கை எடுப்பது. பள்ளத்துக்கு உள்ளே, மை இருக்கும் இடத்தில் ரப்பர் வேண்டாம். நாடாவை உரிக்க வேண்டாம், தாளின் மேல்தோல் கூடவே வரும். இந்த மை ஆளி விதை எண்ணெயில் குழைத்தது, நீரில் கரையாது. ஆனாலும் தண்ணீர் வேலை வீட்டில் வேண்டாம். காயும்போது ஓரம் சுருங்கித் தகட்டுப் பள்ளம் தட்டையாகிவிடும். இஸ்திரிப் பெட்டியும் அதைத்தான் செய்யும்.

இனி மறுபடி கட்டுவது. பழைய சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதை மாற்றுங்கள்.

மவுண்டும் முதுகட்டையும் முழுப் பருத்தி அட்டை. "அமிலம் அற்றது" என்று மட்டும் அச்சிட்ட மலிவு அட்டையில் மரக்கூழைச் சுண்ணாம்பால் சரிக்கட்டியிருப்பார்கள், அது சில காலமே தாங்கும். ஜன்னல் தகட்டுப் பள்ளத்துக்கு வெளியே பக்கத்துக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். பள்ளம் தெரியாத படம் பாதிப் படம். இந்த முறை அந்தப் பொடி எழுத்து வரி முழுதும் ஜன்னலுக்குள் வரட்டும். கீழ்ப்பட்டை மற்ற மூன்றையும்விட 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம்.

தொங்கவிட ஜப்பானியக் கோஸோ தாள் கீல் (படத்தை அட்டையோடு பிடிக்கும் சிறு தாள் பட்டை), மேலே இரண்டே இரண்டு. நீரில் நனைத்த தூரிகையால் கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரம் நாராக வரும். கத்தரி ஓரம் படத்தின் முகத்தில் வரியாகத் தெரியும். படத்தின் முதுகில் 4, 5 மில்லிமீட்டர் மட்டும் ஒட்டினால் போதும். பசை கோதுமை ஸ்டார்ச்: ஒரு பங்குக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர், மெல்லிய தீயில் 25 நிமிடம் விடாமல் கிளறி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து வடிகட்ட வேண்டும். மைதா வேறு, ஸ்டார்ச் வேறு. மைதாவில் புரதம் இருக்கிறது, பூச்சியை விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. ஃபெவிகாலும் செல்லோ டேப்பும் பக்கத்திலேயே வரக் கூடாது. கீலின் மேல் ஒற்றுத்தாள், அதன் மேல் கண்ணாடித் துண்டு, எடை, ஒரு மணி நேரம்.

அடுக்கின் கனத்தைக் கணக்கிடுங்கள். கண்ணாடி 2, மவுண்ட் 1.4, முதுகட்டை 1.4, பின்தட்டு 3. ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். பழைய சட்டத்துப் பள்ளம் பல நேரம் 6 கூட இராது. சட்டத்தைக் குடைய வேண்டாம், முதுகில் மெல்லிய மரப்பட்டை திருகி ஆழத்தைக் கூட்டுங்கள். அட்டையை நான்கு பக்கமும் சேர்த்து 3 மில்லிமீட்டர் தளர்வாக வெட்ட வேண்டும்; இறுக்கினால் ஈரக்காற்றில் அட்டை ஊதி நடுவில் வளையும்.

கையால் செய்த பழைய கண்ணாடி குமிழும் அலையுமாக இருந்தால் அதைத் தனியே சுற்றிவைத்து, யூவி தடுக்கும் கண்ணாடி போடுங்கள். வெளியே விற்காதீர்கள், சட்டத்தோடு அது சேர்ந்தது.

#12 யாழ்_வாசகன்

சட்டக்காரர் அண்ணை சொல்லுறது லண்டன் காற்றுக்குச் சரி. கொழும்பு, சென்னை, யாழ்ப்பாணம் எண்டால் இன்னும் கொஞ்சம் வேணும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல நிண்டால் பூஞ்சணம் வரும், செம்புள்ளியும் பெருகும். கண்ணாடி, மவுண்ட், பின்தட்டு மூண்டையும் ஒரே கட்டாக ஓரத்தில அலுமினிய நாடாவால சுத்தி ஒட்டிப்போட்டு அதுக்குப் பிறகு சட்டத்துக்குள்ள இறக்குங்கோ. ஒட்டுறதுக்கு முதல் நாள் முழுக்க அட்டையளை ஏசி அறையில காய வையுங்கோ. மழைக்காலத்துச் சமையலறைக் காற்றை உள்ளுக்கு வைச்சு மூடினால் மூடாமல் விட்டது மேல். பின்தட்டு பாலிப்ரொபிலீன் நெளிதட்டு. கீழ் மூலை ரெண்டிலும் ரப்பர்க் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில காத்து ஓடும். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம். வெள்ளிப்பூச்சிக்கு ஸ்டார்ச்சும் பிடிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருக்கா இறக்கிப் பாருங்கோ. வெளிச்சம் 50 லக்ஸ் அளவு, வெயில் நேரே படக்கூடாது.

#13 பாசிமணி

நிழல்கள் சாம்பலாக இல்லை, குறுக்குக் கோடு தனித்தனியே நிற்கிறது. அந்தக் கடைசி எண்ணை மட்டும் எப்படியாவது படிக்க முடியுமா? கறை சரியாக அதன் மேல்.

#14 ஊசிமுனை

படிக்கலாம், தாளைத் தொட வேண்டாம். பழுப்புக் கறை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு மை அனுப்பாது. நல்ல வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்து, எடிட் செய்யும் செயலியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, சிவப்பு ஃபில்டரை மட்டும் முழுக்க ஏற்றுங்கள். கறை வெளிறும், எண் நிற்கும். நீலத்தில் பார்த்தால் நேர்மாறு, கறை கரியாகிவிடும்.

#15 பாசிமணி

வந்துவிட்டது! மேலே தட்டையான கோடு, கீழே ஒரு வளைவு. 5 என்று நினைக்கிறேன்.

#16 செப்புத்தகடு

அந்தக் காலத்துச் செதுக்கர்களின் 3-க்கும் தலையில் தட்டைக் கோடு உண்டு. தலைக்கோட்டிலிருந்து வளைவுக்கு இறங்கும் இணைப்பு இடது பக்கம் நேராக வந்தால் 5, வலது முனையிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்தால் 3. அதே வரியில் நாள் எண்ணில் வேறு 5 அல்லது 3 இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் பவ்யர் வெளியீட்டுத் தாள்கள் நிறைய இருக்கின்றன, வீட்லி பெயரில் தேடி வரியோடு வரி ஒப்பிடுங்கள்.